வெப்பமானி முள் இருந்த இடத்தில் ஒரு வட்டத் திரை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிந்தைய மதிப்பீடு

காரின் மீட்டர் போர்டில் எரிபொருள் முள்ளுக்கு இணையாக வலப்புறம் இருக்கும் சிறிய வெப்பமானி முள்ளை நான் பல ஆண்டுகள் முழுமையாக நம்பியிருந்தேன். எஞ்சின் சூடேறும்வரை மெல்ல ஏறி, நடுக்கோட்டைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும் அந்த முள், மேட்டுச் சாலையில் ஏறினாலும், நெரிசலில் நெடுநேரம் நின்றாலும், ஏசியை முழு அளவில் வைத்தாலும் இம்மியும் அசையாது. அந்த அசையாமையை எஞ்சினின் நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸில் விழுந்த மெல்லிய கீறல் வழியே, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பல வாரங்களாகக் கசிந்துகொண்டிருந்தபோதும் முள் நடுவிலேயே நின்றது. ஒரு நாள் அது நகரத் தொடங்கியபோது, நடுவிலிருந்து சிவப்புக் கோட்டை எட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

முள் கெட்டுப்போயிருக்கவில்லை. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது. பல கார்களில் கூலன்ட் ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸுக்கும் 105 டிகிரிக்கும் இடையே எங்கிருந்தாலும் முள் நடுவில் நிற்குமாறு மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. முள் சற்றே ஆடினாலும் பதறிப்போய் சர்வீஸ் நிலையத்துக்கு ஓடிவரும் வாடிக்கையாளர்களைத் தவிர்க்க, தயாரிப்பாளர்கள் கண்ட வழி இது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு உண்மையான எண் தெரியும்; ஓட்டுநருக்குத்தான் அது சொல்லப்படுவதில்லை. அந்த எண்ணை மீட்டர் போர்டுக்குள்ளேயே, முள் இருந்த அதே வட்டத்தில், காட்டித் தரும் ஒரு டிஸ்ப்ளே கிட்டை வாங்கிப் பொருத்தி எட்டு மாதங்கள் ஓட்டிய அனுபவமே இந்த மதிப்பீடு. ஒரே வன்பொருள் பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயரை எழுதுவதில் பயனில்லை. பொருளின் தன்மையை எழுதுகிறேன், அதைக் கொண்டு உங்கள் கைக்கு வருவது இதுதானா என்று அடையாளம் காணலாம்.

பெட்டியில் 1.28 அங்குல வட்டத் திரை ஒன்று, விரல் நீளப் போர்டு ஒன்று, அவற்றை இணைக்கும் தட்டையான கேபிள், காரின் கணினியிலிருந்து செய்திகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் பிளக் பொருத்திய ஒன்றரை மீட்டர் ஒயர், ஒரு பொத்தான் ஆகியவை வந்தன. திரை ஐபிஎஸ் வகை எல்சிடி. 240க்கு 240 புள்ளிகள். ஒளிரும் பகுதியின் விட்டம் ஏறக்குறைய 32.5 மில்லிமீட்டர். போர்டில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர், காரின் கணினிகள் பேசிக்கொள்ளும் பாதையான கேன் பஸ்ஸோடு பேசும் சிப், காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஆகிய மூன்றும் இருந்தன. இணைத்திருந்த தாள் ஒரு பக்கம் மட்டுமே. அதில் எழுதாமல் விட்ட செய்திகள் எத்தனை என்பது வேலையைத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

வேறு வழிகளையும் எண்ணிப் பார்த்தேன். மீட்டர் போர்டு முழுவதையும் அகற்றிவிட்டு ஒரே பெரிய டிஜிட்டல் திரையை வைக்கும் கிட்டுகள் உள்ளன. ஆனால் ஓடிய கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலான கார்களில் மீட்டர் போர்டிலுள்ள நினைவகச் சிப்பில்தான் பதிந்திருக்கிறது. சில கார்களில் சாவியைச் சரிபார்க்கும் இம்மொபிலைசரும் அந்தப் போர்டோடு பின்னப்பட்டிருக்கிறது. போர்டை மாற்றினால் கணக்கு மாறும்; கணக்கு மாறிய காரை விற்பது பல நாடுகளில் சட்டச் சிக்கல். டேஷ்போர்டின் மேல் ஒட்டும் சிறு திரைகள் பார்வையை மறைக்கின்றன. முன் தூணில் பொருத்தும் கூடுகள் பக்கவாட்டு ஏர்பேக் விரியும் வழியில் நிற்கின்றன. கண் எப்படியும் போய்ப் பழகிய இடத்தில், காரின் கணக்கைத் தொடாமல், ஒரு முள்ளை மட்டும் மாற்றும் இந்த முறையே எனக்கு நேர்மையானதாகப் பட்டது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சின் மிகையாகச் சூடாகும்போது எரியும் சிவப்பு விளக்கு முள்ளிலிருந்து தனியாக இருக்க வேண்டும். என் காரில் அது தனியே இருப்பதை உறுதி செய்த பிறகுதான் கத்தியை எடுத்தேன். தனி விளக்கு இல்லாத காரில் வெப்பமானி முள்ளை அகற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மீட்டர் போர்டைக் கழற்றுவது அஞ்சத் தக்க வேலையன்று. பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர்பேக்கின் மின்தேக்கிகள் வடிவதற்குச் சில நிமிடங்கள் காத்திருந்து, ஸ்டியரிங்கை இயன்றவரை தாழ்த்தி, சுற்றுப்பட்டையின் கிளிப்புகளை விடுவித்தால் இரண்டு மூன்று திருகுகளே மிஞ்சும். வேலையின் உயிர்நாடி அதன் பிறகு வரும் முட்களில் இருக்கிறது. டயல் தாளை எடுக்க வேண்டுமானால் வெப்பமானி முள்ளை மட்டுமன்றி நான்கு முட்களையும் பிடுங்கியாக வேண்டும். ஒவ்வொரு முள்ளும் பின்புறமுள்ள சிறிய ஸ்டெப்பர் மோட்டாரின் ஊசி போன்ற தண்டில் வெறும் இறுக்கத்தால் நிற்கிறது. ஒரு பக்கமாக நெம்பினால் தண்டு வளையும்; வளைந்த தண்டை நிமிர்த்த முடியாது. மெல்லிய துணி சுற்றிய இரண்டு தேக்கரண்டிகளை முள்ளின் இருபுறமும் செருகி, இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே அளவு அழுத்தத்தில் தாழ்த்த வேண்டும். முள் நேராக மேலெழுந்து வரும்.

முட்களைப் பிடுங்குமுன் இக்னிஷனைப் போட்டு, அவை பூச்சியத்தில் நிற்கும் நிலையை நேர் எதிரிலிருந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தாள் சொல்லவில்லை, நான் எடுத்திருந்தேன். அப்படியிருந்தும் வேக முள்ளைத் திரும்பப் பொருத்தியபோது சிறு பிசகு நேர்ந்தது. ஜிபிஎஸ் 80 காட்டும்போது முள் 77 காட்டியது. இது அற்ப வேறுபாடு என்று விட்டுவிடக் கூடியதன்று. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39ஆவது ஒழுங்குமுறையின்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு மணிக்கு 4 கிலோமீட்டர் சேர்ந்த அளவுக்குள். அதாவது 80இல் ஓடும் காரின் முள் 80க்கும் 92க்கும் இடையே எங்கும் நிற்கலாம், 77இல் நிற்க முடியாது. மீண்டும் எல்லாவற்றையும் பிரித்து முள்ளை மறுபடி பதித்தேன்; இப்போது 84 காட்டுகிறது, முன்பும் அப்படித்தான் காட்டியது. இந்த வேலையைச் செய்பவர்கள் சாலைக்கு வந்ததும் முதலில் சரிபார்க்க வேண்டியது புதிய திரையை அன்று, பழைய முட்களை.

வெப்பமானியின் ஸ்டெப்பர் மோட்டாரை விட்டுவைத்தால் அதன் தண்டு திரையின் முதுகைக் குத்தும். எனவே அதன் நான்கு கால்களின் ஈயத்தை உறிஞ்சி எடுத்து மோட்டாரை வெளியே எடுத்தேன். போர்டு அதைத் தேடவில்லை, எந்தப் பிழைக் குறியும் எழவில்லை. டயல் தாளில் 34 மில்லிமீட்டர் துளை வெட்ட வேண்டும் என்பதுதான் மனத்தை உறுத்தியது, ஏனெனில் வெட்டிய தாளை மீட்க வழியில்லை. உடைசலுக்குப் போன அதே மாதிரிக் காரின் மீட்டர் போர்டு ஒன்றைத் தேடி வாங்கி, அதன் டயல் தாளை வெட்டிப் பொருத்தினேன். என் காரின் சொந்தத் தாள் கீறலின்றி உறையில் இருக்கிறது. முள் பிடுங்கும் பயிற்சியையும் அந்தப் பழைய போர்டிலேயே செய்து பார்த்தேன். இந்த ஆலோசனை ஒன்றை மட்டும் யாரேனும் முன்னரே சொல்லியிருந்தால் ஒரு மாதத் தயக்கம் மிச்சமாகியிருக்கும்.

மின் இணைப்பில்தான் கிட்டின் குறைகள் வரிசையாக வெளிப்பட்டன. ஓபிடி பிளக்கைச் செருகினால் போதும் என்கிறது தாள். பதினாறு முனைகள் கொண்ட அந்தச் சாக்கெட்டில் 16ஆவது முனை பாட்டரியோடு நேரடியாக இணைந்தது. சாவியை எடுத்தாலும் மின்சாரம் நிற்காது. கார் நின்ற பிறகு கிட் உறங்கிவிடும் என்று கூறப்பட்டிருந்தாலும், மல்டிமீட்டரை வைத்து அளந்தபோது திரை அணைந்த நிலையிலும் 30 மில்லி ஆம்பியர் இழுத்தது. ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் காரை இருபது நாள் நிறுத்திவைத்தால் 45 ஆம்பியர் மணிப் பாட்டரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனாலேயே தீர்ந்துவிடும். ஆகவே பிளக்கின் 16ஆவது ஒயரைத் துண்டித்து, இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர்பெறும் ஒரு ஃபியூஸிலிருந்து, தனியாக 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து மின்சாரம் எடுத்தேன்.

அடுத்தது கன்வெர்ட்டர். அதன் சிப் தாங்கும் உச்சம் 24 வோல்ட். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட்டை ஒட்டியே இருப்பதால் இது போதும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் பாட்டரிக்கு மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது பாட்டரி முனை தளர்ந்து கழன்றால் எழும் அலை மிகப் பெரியது. 12 வோல்ட் கார்களின் மின்கருவிகளைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை அந்த அலையை, அலையை அடக்கும் தடுப்பு இல்லாத ஆல்டர்னேட்டருக்கு 79 முதல் 101 வோல்ட் வரையிலும், தடுப்பு உள்ளதற்கு 35 வோல்ட் என்றும் கொள்கிறது. இரண்டில் எதுவானாலும் 24 வோல்ட் சிப் பிழைக்காது. காருக்கென்றே விற்கப்படும் பொருளில் இத்தகைய அலையை அடக்கிச் சிப்பைக் காக்கும் ஒரு டிவிஎஸ் டையோடு இல்லாதது மன்னிக்கக்கூடிய சிக்கனமன்று. அதை நானே சேர்த்தேன். ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் வெகுவாகச் சரிந்து திரை ஒரு முறை அணைந்து எரியும் பழக்கத்தை, ஒரு டையோடும் பெரிய மின்தேக்கியும் வைத்து ஓரளவு தணித்தேன். குளிர்ந்த காலைகளில் இன்னும் சில சமயம் அணைந்துதான் எரிகிறது. அதனால் தீங்கில்லை.

இவற்றைவிட நுட்பமானது கேன் பஸ். பாஷ் நிறுவனம் 1986இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இந்த முறையில், முறுக்கிய இரண்டு ஒயர்களில் காரின் கணினிகள் அனைத்தும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. அந்த ஒயர் இணையின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். செய்திகள் கோடியில் மோதி எதிரொலிக்காமல் இருக்க அவை வேண்டும். ஆகவே பாட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6ஆவது, 14ஆவது முனைகளுக்கு இடையே அளந்தால், இரண்டு 120 ஓம்கள் இணையாக நின்று 60 ஓம் காட்ட வேண்டும். என் காரில் 60 காட்டியது. கிட்டைச் செருகிய பின் அளந்தேன், 40 காட்டியது. கிட்டின் போர்டிலும் ஒரு 120 ஓம் மின்தடை பதித்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் பொருள். ஆய்வு மேசையில் தனியாக வைத்துச் சோதிக்க அது தேவை. ஏற்கெனவே இரு கோடிகளும் அடைக்கப்பட்ட காரில் மூன்றாவதாக அது இருக்கக் கூடாது. பல கார்கள் இதையும் பொறுத்துக்கொண்டு ஓடும், அதனால்தான் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பேசும் அதே பாதையில் சைகையின் வலுவைக் குறைத்துவிட்டு, ஓடுகிறதே என்று இருந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அரிசி மணியளவு மின்தடையைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டேன்; மீட்டர் மறுபடி 60 காட்டியது. இந்தக் கிட்டை வாங்கும் எவரும், வேறு எதைச் செய்யாவிட்டாலும், இந்த அளவீட்டைச் செய்யாமல் விடக் கூடாது.

இது கேன் பஸ் மட்டுமே அறிந்த கிட் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் ஓபிடி சாக்கெட் கட்டாயமானாலும், அந்த முதல் ஆண்டுகளின் கார்களில் பல, நொடிக்குப் பத்தாயிரம் பிட்டுகளைச் சற்றே தாண்டும் கே-லைன் போன்ற பழைய மொழிகளில் பேசுபவை. சாக்கெட் பொருந்தும், பேச்சு பொருந்தாது. அமெரிக்கக் கார்களில் கேன் கட்டாயமானது 2008 மாடல் ஆண்டில்தான். பழைய காருக்கு வாங்குபவர் சாக்கெட்டின் 6ஆவது, 14ஆவது குழிகளுக்குள் உலோகம் தெரிகிறதா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். தெரியாவிட்டால் அந்தக் காருக்கு இது உதவாது.

இனித் திரையைப் பற்றி. பகலில் படிக்க எளிது. மீட்டர் போர்டின் குடை போன்ற மேல்விளிம்பு வெயிலை மறைப்பதால், டேஷ்போர்டின் மேல் ஒட்டும் திரைகளுக்குத் தேவைப்படும் மிகுந்த ஒளி இதற்குத் தேவையில்லை. ஐபிஎஸ் வகை என்பதால் ஸ்டியரிங் வளையத்தின் ஊடாகச் சற்றுச் சாய்வாகப் பார்த்தாலும் நிறம் மாறுவதில்லை. போலரைஸ்டு கண்ணாடி அணிபவர்கள் மட்டும் பொருத்துமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். அந்தக் கண்ணாடி ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டுமே உள்ளே விடும்; எல்சிடியிலிருந்து வரும் ஒளியும் ஒரே தளத்தில் அதிர்வது என்பதால், திரை நிற்கும் கோணம் தவறினால் கண்ணாடி வழியே அது முற்றிலும் கறுத்துப்போகும். என் கண்ணாடியோடு திரையைக் கையில் வைத்துச் சுழற்றிப் பார்த்து, கறுக்காத கோணத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப மென்பொருளில் படத்தைக் கால் வட்டம் திருப்பினேன். வட்டத் திரையாக இருப்பதன் நன்மை இங்கே விளங்கியது.

இரவில் கதை வேறு. எல்சிடியின் கறுப்பு உண்மையான கறுப்பன்று; பின்னொளி எப்போதும் எரிகிறது, அதைத் திரவப் படிகம் மறைக்க முயல்கிறது, முழுமையாக மறைக்க அதனால் இயலாது. பகலில் தெரியாத இந்தக் கசிவு, விளக்கில்லாத நெடுஞ்சாலையில், மெல்லிய செந்நிறத்தில் ஒளிரும் மற்ற டயல்களுக்கு நடுவே ஒரு சாம்பல் நிற நாணயமாக மிதக்கிறது. ஒளியைக் குறைக்க ஐந்து படிகள் தந்திருக்கிறார்கள். கடைசிப் படியும் என் கண்ணுக்கு அதிகம். முகப்பு விளக்கைப் போட்டால் தானே மங்குவதற்கு ஓர் ஒயர் உண்டு, ஆனால் அது விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை மட்டுமே அறிகிறது. டேஷ்போர்டின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு வேகமாக விட்டுவிட்டு வரும் துடிப்புகளாக அனுப்பும் சைகையை அளக்க அதற்குத் தெரியவில்லை. ஆகவே மற்ற டயல்கள் எல்லாம் ஓட்டுநரின் கைக்குப் பணிய, இது மட்டும் தன் போக்கில் ஒளிர்கிறது. சன்னமான கறுப்புப் படலம் ஒன்றைத் திரைமேல் ஒட்டி இரவைச் சமாளித்திருக்கிறேன். பகலின் தெளிவில் சிறிது இழந்தேன். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரை இந்த இடத்தில் சிறந்திருக்கும், அதன் கறுப்பு ஒளியே இல்லாத கறுப்பு. ஆனால் ஒரே எண், ஒரே இடத்தில், நாள்தோறும் மணிக்கணக்கில் நிற்கும் மீட்டரில் ஓலெட்டின் புள்ளிகள் தேய்ந்து அந்த எண்ணின் நிழல் நிலைத்துவிடும். நெடுங்காலம் இருக்க வேண்டிய இடத்துக்கு எல்சிடியைத் தேர்ந்தது சரி. அதை மங்கச் செய்யும் வழியில்தான் கவனம் போதவில்லை.

கோடையில் ஒரு பிற்பகல், வெட்டவெளியில் மூடி நின்ற காரைத் திறந்தபோது திரையின் மேல்பாதி மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. மிகுந்த வெப்பத்தில் திரவப் படிகம் தன் ஒழுங்கமைவை இழப்பதால் இப்படி நேரும். ஏசி ஓடிப் பத்து நிமிடத்தில் அது தானே தெளிந்தது. பிறகு அப்படி நேரவில்லை. 70 டிகிரி வரை தாங்கும் என்று எழுதப்பட்ட திரையை, வெயிலில் அதையும் தாண்டக்கூடிய டேஷ்போர்டுக்கு விற்கிறார்கள் என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

இத்தனை சொன்ன பின்பும் நான் இதைக் கழற்றிவிட எண்ணவில்லை. அதற்குக் காரணம் அது காட்டும் எண். காரின் கணினி கூலன்ட் வெப்பத்தை ஒரே பைட்டில் அனுப்புகிறது. அதிலிருந்து 40ஐக் கழித்தால் டிகிரி செல்சியஸ் கிடைக்கும். இடையில் யாரும் அதைப் பூசி மெழுகுவதில்லை. பழுதறியும் ஸ்கேனர் ஒன்றோடு ஒப்பிட்டபோது ஒரு டிகிரியும் வேறுபடவில்லை. காலையில் எஞ்சினை இயக்கியதும் எண் சீராக ஏறி, 88ஐத் தொட்டு, தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டரின் குளிர்ந்த நீர் உள்ளே பாயும்போது நான்கைந்து டிகிரி இறங்கி, மறுபடி ஏறி நிலைப்பதை முதன்முறை கண்டபோது, இத்தனை ஆண்டுகள் ஓட்டிய எஞ்சினை அன்றுதான் அறிமுகம் செய்துகொண்டதைப் போல் உணர்ந்தேன். நெரிசலில் 98க்கு ஏறியதும் விசிறி ஓடும் ஓசை கேட்கிறது. எண் 93க்கு இறங்கியதும் ஓசை நிற்கிறது. இந்தத் தாளம் மனத்தில் பதிந்துவிட்டதால், ஆறாம் மாதத்தில் விசிறி ஓடியும் எண் 96க்குக் கீழே இறங்க மறுத்தபோது உடனே கவனித்தேன். ரேடியேட்டரின் முகத்தில் தூசியும் பூச்சிகளும் அடைத்திருந்தன. கழுவியதும் பழைய தாளம் திரும்பியது. பழைய முள்ளுக்கு 93உம் 96உம் ஒன்றே. அது எனக்கு எதையும் சொல்லியிருக்காது.

உண்மை எண்ணுக்கும் எல்லை உண்டு. வெப்பத்தை உணரும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருக்கும்வரைதான் அதன் சொல்லுக்கு மதிப்பு. கூலன்ட் பெருமளவு வெளியேறி சென்சார் காற்றில் நின்றால், எஞ்சின் கொதிக்கும்போதும் எண் இறங்கக்கூடும். ஆகவே ஓடும் எஞ்சினில் காரணமில்லாத திடீர் இறக்கமும் ஏற்றத்தைப் போலவே அபாயக் குறி. கிட்டின் எச்சரிக்கை மணி உச்ச வரம்பைத் தாண்டினால் மட்டுமே ஒலிக்கிறது, இறக்கத்துக்கு ஒலிப்பதில்லை. ஒலிக்கும்போது திரை முழுவதும் சிவப்பாக மின்னி மின்னி எரிவதும் ஏற்புடையதன்று. எண்ணைப் படித்தாக வேண்டிய அந்த நொடியில்தான் எண்ணைப் படிக்க முடியாமல் போகிறது.

மிகப் பெரிய குறையை இறுதிக்கு வைத்திருக்கிறேன். பொருத்திய இரண்டாம் வாரத்தில், வேறொரு வேலைக்காக எஞ்சின் ஓடும்போதே ஓபிடி பிளக்கைக் கழற்றினேன். நான் தனியே மின்சாரம் கொடுத்திருந்ததால் திரை அணையவில்லை. அதில் 91 என்ற எண் இருந்தது. பத்து நிமிடம் கழித்தும் 91 இருந்தது. செய்தி வருவது நின்றுபோனதைத் திரை சொல்லவே இல்லை. கடைசியாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. என்னை ஏமாற்றிய பழைய முள்ளும் இதைத்தானே செய்தது? மீட்டர் போர்டுக்குள் இருக்கும் ஒரு கருவியை ஓட்டுநர் தனியே எடைபோடுவதில்லை. சுற்றியுள்ள டயல்கள் பல ஆண்டுகள் ஈட்டிய நம்பிக்கையை அதற்கும் சேர்த்துத் தருகிறார். அந்த இடத்தில் அமர்ந்துகொண்டு, தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுவது மங்கலான ஒளியைவிடவும், விடுபட்ட டையோடைவிடவும் பெரிய தவறு. இதே தவறு இன்னொரு பக்கத்திலும் இருந்தது. என் காரின் கணினி எஞ்சின் ஆயில் வெப்பத்தை அனுப்புவதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தால் திரை −40 டிகிரி என்று காட்டியது. வராத பைட்டைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு அதிலிருந்து 40ஐக் கழித்ததன் விளைவு அது.

தயாரிப்பாளருக்கு இரண்டையும் படங்களோடு எழுதினேன். மூன்று வாரங்களில் புதிய மென்பொருள் வந்தது. இப்போது இரண்டு விநாடிகளுக்குள் பதில் வராவிட்டால் எண் மறைந்து இரண்டு கோடுகள் தோன்றுகின்றன. கணினி அனுப்பாத அளவுகளின் பக்கங்கள் பட்டியலிலிருந்தே நீங்கிவிட்டன. ஒளிக் குறைப்பையும் எச்சரிக்கையையும் பற்றி எழுதியதற்கு இன்னும் விடை இல்லை. இருந்தாலும், இருந்தவற்றுள் தலையாய குறையைத் திருத்தியவர்கள் என்பதால் இந்தக் கிட்டைப் பரிந்துரைக்கிறேன்; மல்டிமீட்டரையும் சால்டரிங் முனையையும் தயக்கமின்றிக் கையாள்பவர்களுக்கு மட்டும். செருகினால் போதும் என்ற சொல்லை நம்பி வாங்குபவர்களுக்கு இது ஏற்றதன்று. அவர்கள் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, வாரம் ஒரு முறை அந்த எண்ணைப் பார்த்துக்கொள்வதே நலம்.

விற்பனையில் இன்னும் பழைய மென்பொருளோடு வரும் பெட்டிகள் இருக்கலாம். உங்களுடையது எது என்று அறிய, நான் செய்ததுபோல் மின்சாரத்தைத் தனியே கொடுத்து எல்லாவற்றையும் இணைத்து, மீட்டர் போர்டின் கண்ணாடியை மூடுவதற்கு முன், எஞ்சினை ஓடவிட்டு ஓபிடி பிளக்கைக் கழற்றுங்கள். கோடுகள் தோன்றினால் கண்ணாடியை மூடலாம். எண் அப்படியே நின்றால், மென்பொருளைப் புதுப்பிக்கும்வரை பழைய முள்ளையே திரும்பப் பொருத்திவையுங்கள்.